துண்டு போட்ட இடம்

தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டங்களிலேயே அதிகமாக மதிக்கப்படும் சட்டம் எது தெரியுமா? பஸ் ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு!

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நிற்பதற்குள் 20 பேர் கூடவே ஓடுகிறார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக சீட்டில் வீசுகிறார். அவ்வளவுதான், இடம் அவருடையது. முட்டி மோதி முதலில் ஏறியவர் சீட்டைப் பார்க்கிறார், துண்டைப் பார்க்கிறார், முனகிக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போகிறார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. துண்டு இல்லாதவர்களுக்கு கர்ச்சீப், தண்ணீர் பாட்டில், பேப்பர். ஒற்றைச் செருப்பைக்கூட ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால், இந்தச் சட்டத்துக்கு உட்பிரிவுகள் உண்டு. ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு, மிஞ்சினால் இரண்டு. மூன்று பேர் சீட்டு முழுக்க ஒரே துண்டை விரித்தால் பஸ்ஸே குரல் கொடுக்கும். அதைவிட முக்கியம், கண்டக்டர் விசில் அடிக்கிறவரைதான் துண்டுக்கு மரியாதை. வண்டி நகர ஆரம்பித்தும் ஆளைக் காணவில்லை என்றால், நின்றுகொண்டிருப்பவர் துண்டை எடுத்து மடித்து மேலே கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். "ஆள் வருது சார்" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாலும் செல்லாது. "வந்தா எந்திரிச்சுக்கறேன்" என்றால் பேச்சு முடிந்தது.

இப்போது நாம் துண்டைக் கம்ப்யூட்டரில் போடுகிறோம்.

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பொது காலண்டர். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் இருக்கிறது, 2006-ல் வந்த கூகுள் காலண்டர் இருக்கிறது. அதில் உங்கள் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கட்டம். கட்டம் வெறுமையாக இருந்தால் நீங்கள் 'ஃப்ரீ'. கெட்டியான கலரில் இருந்தால் 'பிஸி'. அவுட்லுக்கில் சாய்வாகக் கோடு கோடாக ஒரு கட்டம் தெரியும். அதுதான் 'டென்டேட்டிவ்'. வந்தாலும் வருவேன், வராமலும் போவேன். ஆளுக்கு மட்டுமல்ல, மீட்டிங் ரூமுக்கும் புரொஜெக்டருக்கும் கம்பெனி காருக்கும் இதே கட்டங்கள்தான்.

வெவ்வேறு கம்பெனிகளின் காலண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக 'ஐகேலண்டர்' என்று ஒரு பொது விதிமுறையை 1998-ல் வெளியிட்டார்கள். 2009-ல் அதைத் திருத்தினார்கள். அதன்படி உலகத்தில் நடக்கிற எந்த நிகழ்ச்சிக்கும் மூன்றே நிலைதான். டென்டேட்டிவ், கன்ஃபர்ம்டு, கேன்சல்டு. அழைக்கப்பட்ட ஆளுக்கு அதைவிடக் கொஞ்சம் தாராளம்: இன்னும் பதில் சொல்லவில்லை, வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம், எனக்குப் பதில் இன்னொருவர் வருவார். நம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு வரும் பதில்கள் எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன! இதை எழுதிய இன்ஜினீயர்கள் தத்துவம் எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், எழுதிவிட்டார்கள்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று. அவுட்லுக்கில் உங்களுக்கு ஒரு மீட்டிங் அழைப்பு வருகிறது. நீங்கள் பதிலே சொல்லவில்லை. என்ன ஆகும்? பெரும்பாலும் அது தானாகவே உங்கள் காலண்டரில் ஏறி, கோடு போட்ட கட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதாவது, நீங்கள் சும்மா இருந்தால் 'பார்க்கலாம்' என்று சொன்னதாகக் கணக்கு.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பில் ஒரு குதிரைக் கதை சொல்லித் தருவார்கள். 1862-ல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு. ஃபெல்ட்ஹவுஸ் என்ற மாமா, மருமகனின் குதிரைக்கு விலை பேசுகிறார். '30 பவுண்டு 15 ஷில்லிங் தருகிறேன். உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்' என்கிற தினுசில் கடிதம் எழுதுகிறார். மருமகன் பதில் போடவில்லை. மனசுக்குள் மாமாவுக்கே கொடுக்க நினைத்து, ஏலக்காரரிடம் 'அந்தக் குதிரையை மட்டும் விற்காதே' என்று சொல்லியும் வைத்தார். ஏலக்காரர் தவறுதலாக விற்றுவிட்டார். மாமா கேஸ் போட்டார், தோற்றார். ஒருவர் வாய் திறக்காமல் இருப்பதை ஒப்புக்கொண்டதாக இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது என்றது கோர்ட். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று வளர்ந்த எங்களுக்கு அன்றைக்கு அது பெரிய அதிர்ச்சி.

சட்டம் மௌனத்தை 'இல்லை' பக்கம் தள்ளியது. சாஃப்ட்வேர் அதை எடுத்து நட்ட நடுவில் வைத்துவிட்டது.

நடுவில் நிற்பது நமக்குப் புதிதல்ல என்று நீங்கள் சொல்லலாம். பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்துபோன மாப்பிள்ளை வீட்டார் எத்தனை ஆயிரம் பேர்! அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டு வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணின் அப்பா பத்து நாள் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பத்து நாளில் வேறு ஒரு நல்ல இடம் வந்தால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவிப்பார். 'இல்லை' என்ற சொல் கொடுமையானது என்று நினைத்துத்தான் லெட்டர் போடறோம் என்றார்கள். கொடுமையை ஒரே நாளில் முடிக்காமல் பத்து நாளைக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஆக, கேள்வி இதுதான். பாதி வாக்கு என்பது வாக்கா, இல்லையா?

"நான் டென்டேட்டிவ்னுதானே போட்டேன்? வரேன்னு சொல்லவே இல்லையே" என்கிறவரை எப்படிக் குற்றம் சொல்வது? அவர் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்று சொன்ன யோக்கியர் அவர். டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்து தத்துவவாதி 1740-லேயே ஒன்று சொல்லியிருக்கிறார். வாக்குறுதி என்பது இயற்கையில் கிடைக்கிற பொருள் அல்ல, மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் காரியம் பார்ப்பதற்காகத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு என்று. சரி. அந்த ஏற்பாட்டில் 'நம்பாதே' என்றே எழுதி மாட்டிவிட்டால் கடமை எங்கிருந்து வரும்?

என் அபிப்பிராயம், அந்தச் சொல்லில் தப்பில்லை. ஆனால் அங்கே சொல் மட்டும் இல்லையே. சொல்லோடு சேர்ந்து ஒரு இடமும் பிடிபட்டிருக்கிறது. 'ஒருவேளை வருவேன்' என்று நண்பரிடம் போனில் சொன்னால் அது அவருக்கும் உங்களுக்கும் நடுவில். அதையே பொது காலண்டரில் போட்டால், உங்கள் இருவரையும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, கோடு போட்ட கட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறார். நீங்கள் 'பார்க்கலாம்' என்று சொன்னது நண்பரிடம். 'இல்லை' என்று சொன்னது அந்த மூன்றாவது ஆளிடம்.

ஷேர் மார்க்கெட்டில் 'ஆப்ஷன்' என்று ஒரு சரக்கு உண்டு. நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் நிஃப்டி ஆப்ஷன் 2001-ல் வந்தது. ஒரு விலையில் வாங்குவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தச் சௌகரியத்துக்கு முதலிலேயே 'பிரீமியம்' கட்ட வேண்டும். காரியம் ஆனாலும் ஆகாவிட்டாலும் பிரீமியம் போனது போனதுதான். காலண்டரில் நாம் போடுகிற டென்டேட்டிவ்வும் அச்சு அசல் ஆப்ஷன்தான், பிரீமியம் மட்டும் நாம் கட்டுவதில்லை. திரும்பிப் போனாரே, அவர் கட்டுகிறார்.

யார் அவர்? என் நண்பர் ஒருவர் பாங்கில் இருந்து ரிட்டையர் ஆகி, சென்னைப் புறநகரில் தன் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறார். அங்கே 100 பேர் உட்காரும் ஹால் ஒன்று இருக்கிறது. குடியிருப்பவர்களுக்கும், அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கும் குறைந்த வாடகை. முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். இப்போது பொது காலண்டர். 'ஹோல்ட்', 'கன்ஃபர்ம்' என்று இரண்டு நிலை. கன்ஃபர்ம் பண்ணினால்தான் பணம். ஹோல்ட் இலவசம்.

இலவசம் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பேரன் பிறந்தநாளை எந்த ஞாயிற்றுக்கிழமை வைப்பது என்று தீர்மானமாகாத தாத்தா, மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமையையும் ஹோல்ட் போட்டார். "எதுக்கும் இருக்கட்டும்னுதான் சார்."

அங்கே வாசலில் அயர்ன் வண்டி வைத்திருப்பவரின் மகளுக்குப் பூ வைக்கும் விசேஷம். வாட்ச்மேனிடம் வந்து, "அண்ணே, இந்த மாசம் ஞாயித்துக்கெழம ஏதாச்சும் ஹால் காலியா?" என்று கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் தன் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எல்லாம் புக் ஆயிருச்சேப்பா" என்றார். அவர் சரி என்று போய், வட்டிக்கு வாங்கி, வெளியில் ஒரு மண்டபம் பிடித்தார். அந்த மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நாள் ஹால் பூட்டியே கிடந்தது.

நண்பர் அவரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அது வெறும் ஹோல்டுதானே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவர் சொன்ன பதில்: "பெரியவங்க எழுதி வெச்சிருக்காங்க. அதைப் போய் வேணுமா வேணாமான்னு நான் எப்படி சார் கேக்கறது?"

அந்தத் தாத்தாவின் பக்கத்து ஃப்ளாட் டாக்டரும் அதே ஹோல்டைப் பார்த்திருக்கிறார். அவர் என்ன செய்தார்? போனைப் போட்டு, "அங்கிள், 20-ம் தேதி உங்களுக்கு நிஜமாவே வேணுமா?" என்று கேட்டார். "எடுத்துக்கோங்க டாக்டர்" என்றார் தாத்தா. தாத்தா நல்ல மனிதர். அயர்ன்காரர் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்கிற உரிமை இருப்பதாக ஒருவருக்குத் தோன்றுகிறது, இன்னொருவருக்குத் தோன்றவில்லை. டாக்டர் கண்ணுக்கு அது துண்டு. அயர்ன்காரர் கண்ணுக்குச் சுவர்.

ஆபீஸ்களில் இது தலைகீழாகவும் நடக்கும். ஜி.எம். போட்ட டென்டேட்டிவ் மேல் கை வைக்க எந்த ஜூனியருக்கும் தைரியம் வராது. வேறு ரூம் தேடுவார், ரூம் கிடைக்காவிட்டால் கேன்டீனில் உட்கார்ந்து மீட்டிங் போடுவார். அதே ஜூனியர் கெட்டிக் கலரில், கன்ஃபர்ம்டு என்று ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருந்தால்? "என்னமோ பிளாக் பண்ணியிருக்கே, அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோ." பெரியவரின் 'பார்க்கலாம்' நிச்சயமாகிவிடுகிறது, சின்னவரின் நிச்சயம் 'பார்க்கலாம்' ஆகிவிடுகிறது. சாஃப்ட்வேர் இரண்டு பேருக்கும் ஒரே கலர்தான் கொடுத்தது. அதற்குமேல் அதனால் என்ன செய்ய முடியும்?

கொஞ்சம் செய்ய முடியும் என்று எனக்குக் காட்டியது நம் ரயில்வே. திட்டுவதற்கு நூறு காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதி வாக்கை அவர்கள் கையாளும் விதம் பாராட்ட வேண்டியது. வெயிட்டிங் லிஸ்ட் என்றால் 14 என்றோ 63 என்றோ ஒரு நம்பர் கையில் இருக்கும். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், இடம் நகர்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். பொது காலண்டரில் திரும்பிப் போகிறவருக்கு நம்பர் கிடையாது. அவர் வந்துபோனதே யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஆர்.ஏ.சி. எனக்கு மிகவும் பிடித்த நிலை. முழு பெர்த் இல்லை, ஆனால் ரயிலில் ஏறலாம். சைடு லோயரில் இரண்டு பேர், கால் நீட்ட முடியாமல், தெரியாத மனிதரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. கன்ஃபர்ம் ஆன யாராவது வராவிட்டால் டி.டி.ஆர். வந்து பெர்த் கொடுப்பார். தூக்கத்துக்கு ஆகாது, நியாயத்துக்கு ஆகும். பாதி வாக்குக்குப் பாதி இடமாவது கொடுத்தார்களே! முக்கியமாக, எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. சார்ட் போட்டதும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்ட இ-டிக்கெட் தானாகக் கேன்சலாகிப் பணம் திரும்பிவிடும். பல வருடங்களாக வண்டி கிளம்ப 4 மணி நேரம் முன்பு தயாராகிக்கொண்டிருந்த சார்ட்டை 2025-ல் இன்னும் முன்னதாகவே போட ஆரம்பித்தார்கள். லெட்டர் போடறோம் என்கிற பேச்சே கிடையாது.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது ரயில்வே அமைச்சகம் சொன்ன காரணத்தைக் கவனித்தீர்களா? 61 முதல் 120 நாளுக்கு முன்பு எடுத்த டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் கேன்சல் ஆகிறது. சுமார் 5 சதவீதம் பேர் கேன்சலும் செய்வதில்லை, பயணமும் செய்வதில்லை.

அந்த 21 சதவீதத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. திட்டம் மாறும், தாத்தா படுத்துவிடுவார், லீவு கிடைக்காது. கேன்சல் பண்ணினார்கள், இடம் யாருக்கோ போனது. அந்த 5 சதவீதம்தான் புதிர். பணமும் போச்சு, பயணமும் இல்லை. ஒரு பட்டனை அழுத்தினால் ஆர்.ஏ.சி.யில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் கால் நீட்டுவார் என்று தெரிந்தும் அழுத்தவில்லை. தெரிந்து என்றா சொன்னேன்? இல்லை, அந்த ஒருவர் அவர்கள் மனசில் வரவே இல்லை. பஸ்ஸில் துண்டுக்காரர் உள்ளே வந்தால், நிற்கிறவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தச் சங்கடம் இல்லை.

விமானக் கம்பெனிகள் இந்தப் புதிரை வேறு மாதிரி தீர்த்தன. வராமல் போகிறவர்கள் எப்படியும் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற சீட்டைவிட அதிகமாகவே 'கன்ஃபர்ம்' செய்தார்கள். 1972-ல் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர், கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோடு போயும் இடமில்லாமல் விமானத்தில் ஏற முடியாமல் நின்றார். நுகர்வோர் உரிமைக்காக ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த மனிதர், சும்மா விடுவாரா? கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், இப்படி ஏமாற்றியதற்காக வழக்குப் போட அவருக்கு வழி உண்டு என்று 1976-ல் தீர்ப்பானது. ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், 'யாரையோ பிடித்து இறக்குவதற்குப் பதில், காசு வாங்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் போகச் சம்மதிப்பது யார் என்று கேளுங்கள்' என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1970-களின் கடைசியில் அங்கே அது விதியானது. கேட்பது என்ற சின்ன வேலையைக் கட்டாயமாக்க இவ்வளவு காலம்!

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நண்பரின் அபார்ட்மென்டில் ஒரு டீச்சர். படுத்த படுக்கையாக மாமியார். எந்த அழைப்புக்கும் அவர் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவரும் அப்படித்தான், நாளைக்கு வேலை உண்டா என்று நாளைக்குத்தான் தெரியும். ஆமாம் அல்லது இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல் என்று அடித்துப் பிடித்தால், இவர்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஹோல்டுக்குப் பணம் வாங்கினால், தாத்தா சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார், டீச்சர் ஹோல்டே போட மாட்டார். உறுதியாகச் சொல்ல முடிவதே ஒரு வசதிதான். சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் வாங்கிய பலருக்கு, வீட்டில் வேறு யாரோ இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் டீச்சர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் துண்டு போட்டார். தாத்தா நான்குக்கும் போட்டார். டீச்சருக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை. தாத்தாவுக்குத் தீர்மானிக்க அவசரமில்லை, அதனால் சொல்லவில்லை. காலண்டரில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். மனிதர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு என்று சத்தம் போடுகிற பஸ்ஸுக்கு அது தெரிந்திருக்கிறது.

நண்பரின் சங்கத்தில் இரண்டு மணி நேரம் சண்டை போட்டு சில விதிகள் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஹோல்ட். ஏழு நாளில் கன்ஃபர்ம் செய்யாவிட்டால் தானாக விழுந்துவிடும். முடியாதவர்கள் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் நீட்டித்துக்கொள்ளலாம், காரணம் கேட்கக் கூடாது. "மெஷின் நமக்கு ஒழுக்கம் சொல்லித் தர்றதா?" என்று ஒருவர் எழுந்து கேட்டாராம். மெஷின் ஞாபகப்படுத்துவதால் மனிதர் திருந்துகிறாரா என்பது நல்ல கேள்விதான். ஆனால் மனிதர் திருந்தும்வரை ஹாலைப் பூட்டி வைத்திருக்க முடியுமா?

விதிகளைவிட, நண்பர் யாரிடமும் சொல்லாமல் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பிடித்தது. வாட்ச்மேன் மேஜை கம்ப்யூட்டரில் 'ஹோல்ட்' என்று வந்துகொண்டிருந்த இடத்தில், 'கேட்டுப் பார்க்கலாம்' என்று தமிழில் மாற்றி, பக்கத்தில் தன் போன் நம்பரையும் போட்டுவிட்டார்.

முதல் மாதத்தில் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற அம்மா ஒருவர், லிஃப்ட் பார்க்க வருகிற பையன், வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர். அதில் இரண்டு பேருக்கு ஹால் கிடைத்தது. சங்கத் தலைவர் வீட்டு ஹோல்ட் ஒன்றும் அதே மாதத்தில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை.